கவுண்ட் ஏறிய பிறகும் முடியாத வேலை: ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பின் நோயெதிர்ப்பு அணுக்கள் மீளும் விதம்

ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவரின் வீட்டில் அன்றாடம் எழும் கேள்வி, "இன்று கவுண்ட் எவ்வளவு?" என்பதுதான். கீமோதெரபிக்குப் பின் அடிமட்டத்துக்கு இறங்கிய வெள்ளை அணுக்கள் மீண்டும் ஏறத் தொடங்கினால் வீட்டார் மூச்சு விடுகிறார்கள். மருத்துவரும் வீட்டுக்கு அனுப்பும் நாளைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார். அந்த ஆறுதல் நியாயமானதே. ஆனால் அந்த எண் தெரிவிப்பது நோயெதிர்ப்பு மண்டலத்தின் ஒரு பகுதி மீண்டுவிட்டது என்பதை மட்டுமே. மற்றப் பகுதிகள் தத்தம் கால அளவில், சில மாதங்களிலும் சில ஆண்டுகளிலுமாகத் திரும்புகின்றன. கவுண்ட் சரியாக இருக்கும்போதே சிலருக்கு அக்கி வருவதும், மஜ்ஜை மாற்று சிகிச்சை முடிந்து ஓராண்டான பின்னும் மாத்திரைகள் தொடர்வதும், சிறு வயதில் போட்ட தடுப்பூசிகளை மீண்டும் போடச் சொல்வதும் இதனால்தான்.

மஜ்ஜையில் உருவாகுபவை

பிறந்த குழந்தையின் எலும்புகள் எல்லாவற்றிலும் ரத்தம் உற்பத்தியாகும் சிவப்பு மஜ்ஜை இருக்கிறது. வளர்ந்தவர்களுக்கு அது இடுப்பெலும்பு, முதுகெலும்பு, மார்பெலும்பு, விலா எலும்புகள், மண்டையோடு, தொடை எலும்பு மற்றும் மேற்கை எலும்பின் மேல்முனை ஆகியவற்றோடு சுருங்கிவிடுகிறது. மற்ற இடங்களைக் கொழுப்பு நிறைந்த மஞ்சள் மஜ்ஜை பிடித்துக்கொள்கிறது. மஜ்ஜைப் பரிசோதனைக்கு ஊசியைப் பெரும்பாலும் இடுப்பெலும்பின் பின்புறத்தில் போடுவதற்கு இதுவே காரணம். இவ்வளவு குறைந்த இடத்திலிருந்துதான் நாளொன்றுக்கு ஏறத்தாழ 20,000 கோடி சிவப்பணுக்களும், 10,000 கோடி அளவில் நியூட்ரோஃபில் என்னும் வெள்ளை அணுக்களும் வெளிவருகின்றன.

இவை அனைத்துக்கும் மூலம் ரத்த ஸ்டெம் செல்கள். தமிழில் குருத்தணுக்கள் என்றும் எழுதுகிறார்கள். அப்படி ஒரு செல் இருப்பதற்கான உறுதியான சான்றை 1961இல் டொரன்டோவில் ஜேம்ஸ் டில், எர்னஸ்ட் மெக்கல்லக் என்ற இருவர் தந்தனர். கதிர்வீச்சால் மஜ்ஜை அழிக்கப்பட்ட எலிகளுக்கு வேறு எலியின் மஜ்ஜையைச் செலுத்தியபோது, சில நாட்களில் மண்ணீரலில் சிறுசிறு முடிச்சுகள் தோன்றின. ஒவ்வொரு முடிச்சும் ஒரே ஒரு செல்லிலிருந்து பெருகியது என்பது பின்னர் உறுதியானது. இன்று செய்யப்படும் மஜ்ஜை மாற்று சிகிச்சைகள் அனைத்துக்கும் அடியில் இருப்பது இந்த உண்மைதான்.

ஸ்டெம் செல்லிலிருந்து இரண்டு பெரிய கிளைகள் பிரிகின்றன. ஒரு கிளையில் சிவப்பணுக்கள், தட்டணுக்கள், நியூட்ரோஃபில்கள், மோனோசைட்டுகள் ஆகியவை உருவாகின்றன. மற்றொரு கிளையில் லிம்ஃபோசைட்டுகள் எனப்படும் டி செல்கள், பி செல்கள், இயற்கைக் கொல்லி செல்கள் ஆகியவை உருவாகின்றன. முதல் கிளையின் செல்கள் மஜ்ஜையிலேயே முழுமை பெற்று வெளியேறுகின்றன. பி செல்களும் தொடக்க வளர்ச்சியை மஜ்ஜையிலேயே முடித்துக்கொள்கின்றன. டி செல்களின் நிலைமை வேறு: அவற்றின் முன்னோடிகள் மஜ்ஜையை விட்டு, மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பிக்குச் சென்றுதான் முதிர வேண்டும். சிகிச்சைக்குப் பின் எது விரைவாக மீளும், எது தாமதிக்கும் என்பதை இந்த வழித்தடமே பெரிதும் தீர்மானிக்கிறது.

சிகிச்சை எதை அழிக்கிறது, எதை விடுகிறது

கீமோதெரபி மருந்துகளில் பெரும்பாலானவை வேகமாகப் பிரியும் செல்களைத் தாக்குபவை. லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோயின் செல்கள் அப்படிப் பிரிபவை. மஜ்ஜையில் முதிர்ந்துகொண்டிருக்கும் நல்ல செல்களும் அப்படியே. ஆனால் ரத்த ஸ்டெம் செல்களில் பெரும்பாலானவை எந்த நேரத்திலும் பிரியாமல் அடங்கிக் கிடப்பவை என்பதால், வழக்கமான அளவில் தரப்படும் கீமோவிலிருந்து தப்பிவிடுகின்றன. மருந்து நின்றதும் அவை விழித்துப் பெருகி, மூன்று நான்கு வாரங்களில் மஜ்ஜையை மீண்டும் நிரப்புகின்றன. வெளியிலிருந்து எதையும் கொடுக்காமலேயே கவுண்ட் தானாக ஏறுவதன் காரணம் அதுதான்.

அக்யூட் மைலாய்டு லுகேமியாவுக்கு நெடுங்காலமாகத் தரப்பட்டுவரும் "7+3" சிகிச்சையை எடுத்துக்கொண்டால் இந்த ஏற்ற இறக்கம் தெளிவாக விளங்கும். சைட்டரபின் என்ற மருந்து 7 நாட்கள் தொடர்ச்சியாக ஏற்றப்படுகிறது. அவற்றில் முதல் 3 நாட்கள் டானோரூபிசின் போன்ற மற்றொரு மருந்தும் சேர்கிறது. 14ஆம் நாள் வாக்கில் மஜ்ஜையை எடுத்துப் பார்த்தால், செல்கள் அநேகமாகக் காலியாகி, கொழுப்பும் சிதைந்த திசுவும் சில பிளாஸ்மா செல்களும் மட்டுமே தென்பட வேண்டும். மற்றவர்களுக்குப் பயமுறுத்தும் அந்த வெறுமையைத்தான் மருத்துவர் அப்போது எதிர்பார்க்கிறார். அதன் பிறகு மஜ்ஜை நிரம்பத் தொடங்குகிறது. நோய் முழுமையாகத் தணிந்தது என்று அறிவிப்பதற்கான வரையறையிலும் இந்த மீட்சி சேர்க்கப்பட்டிருக்கிறது: மஜ்ஜையில் முதிராத பிளாஸ்ட் செல்கள் 5 சதவீதத்துக்குக் குறைவாக இருப்பது மட்டும் போதாது, ரத்தத்தில் நியூட்ரோஃபில்கள் மைக்ரோலிட்டருக்கு 1,000ஐயும், தட்டணுக்கள் 1,00,000ஐயும் தொட்டிருக்க வேண்டும். புற்றுநோய் போயிருந்தாலும் நல்ல செல்கள் வராதவரை அந்த மஜ்ஜைக்கு முழு மதிப்பெண் கிடைக்காது.

எந்த எண்ணைப் பார்ப்பது

ரத்தப் பரிசோதனை அறிக்கையில் மொத்த வெள்ளை அணு எண்ணிக்கை முதலில் கண்ணில் படுவதால், பலரும் அதையே பிடித்துக்கொள்கிறார்கள். கிருமித்தொற்றின் அபாயத்தைக் கணிக்க அது போதுமான எண் அன்று. மருத்துவர்கள் பார்ப்பது ஏஎன்சி எனப்படும் நியூட்ரோஃபில்களின் தனி எண்ணிக்கை. மொத்த எண்ணிக்கையை நியூட்ரோஃபில் சதவீதத்தால் பெருக்கி 100ஆல் வகுத்தால் அது கிடைத்துவிடும். ஒருவருக்கு மொத்தம் 2,400, நியூட்ரோஃபில் 15 சதவீதம் என்றால் அவருடைய ஏஎன்சி 360. பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கு மொத்தம் 1,200தான், ஆனால் நியூட்ரோஃபில் 55 சதவீதம் என்றால் அவருடைய ஏஎன்சி 660. மொத்த எண்ணிக்கை இரு மடங்கு இருப்பவர்தான் இங்கே கூடுதல் அபாயத்தில் இருக்கிறார்.

500 என்ற எல்லைக்கோடு மருத்துவர்கள் பேச்சில் அடிக்கடி வருவதற்கு ஒரு வரலாறு உண்டு. ஜெரால்ட் போடியும் அவருடன் பணிபுரிந்தோரும் அக்யூட் லுகேமியா நோயாளிகளிடம் வெள்ளை அணுக்களின் எண்ணிக்கைக்கும் தொற்றுக்கும் உள்ள தொடர்பை அளந்து 1966இல் வெளியிட்டனர். எண்ணிக்கை குறையக் குறையத் தொற்று கூடுகிறது என்பதையும், குறைந்த நிலையில் எத்தனை நாட்கள் நீடிக்கிறது என்பதும் அதே அளவு முக்கியம் என்பதையும் அந்த ஆய்வு காட்டியது. 500க்குக் கீழே கடும் குறைவு. 100க்குக் கீழே மிகக் கடும் குறைவு. இந்த நிலையில் காய்ச்சல் வந்தால், அதாவது ஒருமுறை 101 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டாலோ, 100.4 டிகிரியில் ஒரு மணி நேரம் நீடித்தாலோ, அது அவசர நிலை. சீழ் பிடிப்பதற்கும் சளி கட்டுவதற்கும் நியூட்ரோஃபில்கள் வேண்டும். அவை இல்லாதவருக்கு வழக்கமான அறிகுறிகள் தோன்றாமல் காய்ச்சல் மட்டுமே தெரியக்கூடும். காலை வரை பார்க்கலாம் என்று பாராசிட்டமால் போட்டுப் படுப்பது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். மருத்துவமனையை அடைந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் ஏறிவிட வேண்டும் என்பதே இன்றைய நடைமுறை இலக்கு.

மீட்சியின் முதல் அறிகுறி பெரும்பாலும் நியூட்ரோஃபில்களில் தெரிவதில்லை. மோனோசைட்டுகளின் சதவீதம் திடீரென்று உயர்கிறது; சில நாட்களில் நியூட்ரோஃபில்கள் பின்தொடர்கின்றன. அனுபவமுள்ள மருத்துவர் மொத்த எண்ணிக்கை 400ஆக இருக்கும் நாளிலேயே அந்த வரியைப் பார்த்து, "ஏறப்போகிறது" என்று சொல்லிவிடுவதுண்டு. இந்த வேகத்தைக் கூட்டுவதற்காக ஜி-சிஎஸ்எஃப் என்ற வளர்ச்சிக் காரணி ஊசி பலருக்குப் போடப்படுகிறது. அவ்வகையில் முதல் மருந்தான ஃபில்கிராஸ்டிம் 1991இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஊசி போட்டவர்களுக்கு இடுப்பிலும் முதுகிலும் வலி எடுப்பது, அங்கிருக்கும் மஜ்ஜை மும்முரமாக வேலை செய்வதால்தான்.

இவ்விடத்தில் பப்பாளி இலைச்சாறு பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. டெங்குக் காலத்தில் பழகிய பழக்கத்தில், தட்டணு குறைந்த புற்றுநோயாளிக்கும் உறவினர்கள் அதைக் கொண்டுவந்து விடுகிறார்கள். கீமோவால் காலியான மஜ்ஜையை அது நிரப்பும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. நியூட்ரோஃபில்கள் இல்லாதவருக்குச் சமைக்காத இலைச்சாற்றைக் கொடுப்பதில் கிருமி அபாயம் நிச்சயமாக உண்டு. சமைக்காத காய்கனிகளை முற்றிலும் விலக்கும் கடுமையான உணவுக் கட்டுப்பாடு தொற்றைக் குறைக்கிறதா என்று நடத்தப்பட்ட ஒப்பீட்டு ஆய்வுகள் பெரிய பலனைக் காட்டவில்லை என்றாலும், கைகழுவி, நன்கு கழுவிச் சமைத்து, சூடாக உண்பது பற்றி யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

மாற்று சிகிச்சையில் நடப்பது

சிலருக்கு நோயை அடியோடு அழிக்க, ஸ்டெம் செல்களும் தாங்காத அளவுக்கு உயர்ந்த கீமோவோ உடல் முழுவதற்குமான கதிர்வீச்சோ தேவைப்படுகிறது. அழிந்த இடத்தில் வேறு ஸ்டெம் செல்களை வைக்காவிட்டால் மஜ்ஜை பிழைக்காது. நோயாளியிடமிருந்தே முன்கூட்டி எடுத்து உறையவைத்ததைத் திருப்பித் தருவது ஒரு வகை. மல்டிபிள் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோயில் பெரும்பாலும் இதுவே செய்யப்படுகிறது. பொருத்தமான கொடையாளரிடமிருந்து பெற்றுத் தருவது மற்றொரு வகை. இத்துறையை உருவாக்கியவர்களில் முதன்மையானவரான ஈ. டொனால் தாமஸுக்கு 1990இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தியாவில் 1983இல் மும்பை டாடா நினைவு மருத்துவமனையிலும், 1986இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மஜ்ஜை மாற்று தொடங்கியது.

அறுவை சிகிச்சை எதுவும் இதில் இல்லை என்பது பலருக்கு வியப்பளிக்கும். ஸ்டெம் செல் பை, ரத்தம் ஏற்றுவது போலவே சிரை வழியாக ஏறுகிறது. ரத்தத்தில் சுற்றும் அந்தச் செல்கள் மஜ்ஜையை எப்படிக் கண்டடைகின்றன? மஜ்ஜையின் தாங்குசெல்கள் சிஎக்ஸ்சிஎல்12 என்ற வேதிப்பொருளைச் சுரக்கின்றன. ஸ்டெம் செல்லின் மேற்பரப்பில் அதை உணரும் சிஎக்ஸ்சிஆர்4 என்ற ஏற்பி இருக்கிறது. அந்த ஈர்ப்பின் வழியே அவை எலும்புக்குள் சென்று தங்குகின்றன. இதே பிணைப்பைத் தற்காலிகமாக அறுத்து, ஸ்டெம் செல்களை ரத்தத்துக்கு வெளியேற்றிச் சேகரிப்பதற்குப் பிளெரிக்ஸாஃபோர் என்ற மருந்து பயன்படுகிறது.

நியூட்ரோஃபில்கள் தொடர்ந்து மூன்று நாட்கள் 500க்கு மேல் நின்றால், அந்த மூன்றில் முதல் நாளை ஒட்டுப்பிடித்த நாள் என்று கணக்கில் எழுதுகிறார்கள். தன்னுடைய செல்களையே திரும்பப் பெற்றவருக்கு இது வழக்கமாக 10 முதல் 14 நாட்களில் நடக்கிறது. கொடையாளரின் ரத்தத்திலிருந்து பிரித்த செல்கள் என்றால் சற்றுக் கூடுதலாகவும், மஜ்ஜையிலிருந்து எடுத்தவை என்றால் மூன்று வாரம் அளவிலும், தொப்புள்கொடி ரத்தம் என்றால் இன்னும் தாமதமாகவும் நடக்கிறது. தொப்புள்கொடி ரத்தத்தில் செல்கள் குறைவு என்பதே அந்தத் தாமதத்தின் காரணம். இந்த நாளோடு முதல் கட்டம் முடிகிறது. பெரும்பாலான வீடுகளில் கதையும் இத்தோடு முடிந்ததாகக் கருதப்படுகிறது.

லிம்ஃபோசைட்டுகளின் மெதுவான வரவு

லிம்ஃபோசைட்டுகளில் முதலில் திரும்புபவை இயற்கைக் கொல்லி செல்கள். மாற்று சிகிச்சை முடிந்து ஒரு மாதத்துக்குள்ளேயே அவை இயல்பான எண்ணிக்கையை நெருங்கிவிடுகின்றன. வைரஸ் புகுந்த செல்களையும் எஞ்சிய லுகேமியா செல்களையும் தாக்கும் திறன் அவற்றுக்கு உண்டு.

டி செல்கள் இரண்டு வழிகளில் மீள்கின்றன. முதல் வழி எளிதானது: கொடையாளரின் செல்களோடு சேர்ந்து வந்த முதிர்ந்த டி செல்களும், சிகிச்சையிலிருந்து தப்பியவையும் காலி இடத்தைக் கண்டு வேகமாகப் பெருகுகின்றன. எண்ணிக்கை கூடுகிறது, ஆனால் ஒரு சில டி செல்களின் நகல்களே பெருகுவதால், அவை அடையாளம் காணக்கூடிய கிருமிகளின் வகை குறுகியதாக இருக்கிறது. சிடி8 என்ற வகை இவ்வழியில் விரைவாகப் பெருகுகிறது, குறிப்பாக உடலுக்குள் பதுங்கியிருந்த சைட்டோமெகலோ வைரஸ் தலைதூக்கும்போது. மற்ற எதிர்ப்பணுக்களை ஒருங்கிணைத்து இயக்கும் சிடி4 வகை பின்தங்குகிறது. வழக்கமாகச் சிடி4 செல்கள் சிடி8ஐவிடக் கூடுதலாக இருக்கும்; மாற்று சிகிச்சைக்குப் பின் இந்த விகிதம் பல மாதங்கள், சிலருக்கு ஆண்டுகள்கூட, தலைகீழாகவே நிற்பதுண்டு.

இரண்டாம் வழி தைமஸ் வழி. புதிய முன்னோடிகள் மஜ்ஜையிலிருந்து தைமஸுக்குச் சென்று, அங்கே தேர்வாகிப் பல்வேறு ஏற்பிகளுடன் வெளிவர வேண்டும். பரந்துபட்ட எதிர்ப்பாற்றல் கிடைப்பது இவ்வழியில்தான். சிக்கல் என்னவென்றால், தைமஸ் குழந்தைப் பருவத்திலேயே உச்சத்தை எட்டி, பின்னர் ஆண்டுக்காண்டு கொழுப்பாக மாறிச் சுருங்கும் உறுப்பு. கீமோவும் கதிர்வீச்சும் அதை மேலும் பாதிக்கின்றன. 1995இல் கிறிஸ்டல் மெக்கால் முதலானோர் 1 முதல் 24 வயது வரையுள்ள புற்றுநோயாளிகளிடம் நடத்திய ஆய்வில், தீவிர கீமோ முடிந்து ஆறு மாதத்துக்குப் பின் சிடி4 செல்கள் எவ்வளவு மீண்டன என்பதை வயதே முடிவு செய்தது. வயது கூடக்கூட மீட்சி குறைந்தது. அந்த ஆய்வில் மூத்தவர்கள் இருபதுகளில் இருந்த இளைஞர்கள் என்பதைக் கவனித்தால், ஐம்பது அறுபது வயதில் மாற்று சிகிச்சை பெறுபவரின் நிலையை ஊகிக்கலாம். ஒரே சிகிச்சையைப் பெற்ற பேரனும் தாத்தாவும் ஒரே நாளில் ஒட்டுப்பிடித்து வீடு திரும்பினாலும், அவர்களின் டி செல்கள் ஒரே வேகத்தில் திரும்புவதில்லை.

கொடையாளரின் செல்கள் நோயாளியின் உடலையே தாக்கும் ஜிவிஎச்டி என்ற பக்கவிளைவு வந்தால் இந்தத் தாமதம் இன்னும் நீளும். அது தைமஸையும் மஜ்ஜையின் தாங்கு அமைப்பையும் சேதப்படுத்துகிறது. அதை அடக்கத் தரப்படும் ஸ்டீராய்டு முதலான மருந்துகளும் எதிர்ப்பாற்றலைக் குறைக்கின்றன. தன் சொந்தச் செல்களைப் பெற்றவருக்கு இந்தத் தொல்லை இல்லாததால் அவரது மீட்சி பொதுவாக முந்திக்கொள்கிறது.

பி செல்களும் ஆன்டிபாடிகளும்

கிருமிகளை எதிர்க்கும் ஆன்டிபாடிகளுக்கு மூலமான பி செல்கள் முதல் சில மாதங்களில் ரத்தத்தில் அநேகமாகக் காணப்படுவதில்லை. எண்ணிக்கை இயல்புக்கு வர ஆறு மாதம் முதல் ஓராண்டும் அதற்கு மேலும் ஆகும்; தரம் திரும்ப இரண்டு ஆண்டுகள் வரை ஆகலாம். புதிய பி செல்கள் பச்சிளம் குழந்தையின் பி செல்களைப் போலவே நடந்துகொள்கின்றன. முதலில் ஐஜிஎம் வகை ஆன்டிபாடியும், பின்னர் ஐஜிஜியும், கடைசியாக ஐஜிஏவும் இயல்பு நிலையை அடைகின்றன. ஒரு குழந்தை பிறந்ததிலிருந்து கடக்கும் அதே வரிசையை ஐம்பது வயதுக்காரரின் உடல் இரண்டாம் முறை கடக்கிறது.

எண்ணிக்கை நிறைந்தும் பாதுகாப்பு நிறையாமல் இருப்பதை இப்படிப் புரிந்துகொள்ளலாம்: காவல் நிலையத்தில் காலியிடங்கள் அனைத்தும் நிரப்பப்பட்டுவிட்டன, ஆனால் வந்தவர்கள் எல்லோரும் புதியவர்கள், ஊரின் பழைய திருடர்களை முகம் பார்த்தே அடையாளம் சொல்லும் ஏட்டு ஒருவர்கூட அங்கே இல்லை. அம்மை, தட்டம்மை, டெட்டனஸ் என்று வாழ்நாளெல்லாம் சேர்த்துவைத்த நினைவுச் செல்களில் பெரும்பகுதி சிகிச்சையோடு போய்விடுகிறது. கொடையாளரின் நினைவும் ஓரளவுக்கு மேல் கைகொடுப்பதில்லை. ஆகவே தடுப்பூசிகளை முதலிலிருந்து போட வேண்டும். நிமோனியாவை உண்டாக்கும் நியூமோகாக்கஸ் பாக்டீரியாவுக்கான தடுப்பூசி மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள்ளும், டெட்டனஸ், கக்குவான், ஹெபடைட்டிஸ் பி, ஊசி வழிப் போலியோ போன்ற உயிரற்ற தடுப்பூசிகள் ஆறு மாதத்திலிருந்து ஓராண்டுக்குள்ளும் தொடங்கப்படுகின்றன. தட்டம்மை போன்ற உயிருள்ள தடுப்பூசிகளுக்குக் குறைந்தது இரண்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து எடுத்துக்கொண்டிருந்தாலோ ஜிவிஎச்டி இருந்தாலோ அதன் பிறகும் போடக்கூடாது. வீட்டில் சிறு குழந்தை இருந்தால், அதற்குப் போலியோ சொட்டு மருந்து கொடுக்கும் முன் சிகிச்சை மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது; சொட்டு மருந்தில் இருக்கும் வலுவிழந்த உயிருள்ள வைரஸ் குழந்தையின் மலத்தில் சில வாரங்கள் வெளியேறும்.

தொற்றுகளும் இந்த மீட்சி வரிசையை ஒட்டியே வருகின்றன. நியூட்ரோஃபில் இல்லாத முதல் வாரங்களில் பாக்டீரியாவும் பூஞ்சையும். ஒட்டுப்பிடித்து மூன்று மாதம் வரை சைட்டோமெகலோ வைரஸும் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சையும். அதன் பிறகு, டி செல்களும் ஆன்டிபாடிகளும் முழுமையடையாத காலத்தில், அக்கியும் நியூமோகாக்கஸும். அக்கி வைரஸுக்கு எதிரான ஏசைக்ளோவிரை ஓராண்டும், நுரையீரலைத் தாக்கும் நியூமோசிஸ்டிஸுக்கு எதிரான கோட்ரைமாக்சசோலைப் பல மாதங்களும் தொடரச் சொல்வது இந்தக் கணக்கில்தான். கவுண்ட் நன்றாக இருக்கிறதே என்று அவற்றைத் தாமாக நிறுத்துபவர்கள், நியூட்ரோஃபிலின் எண்ணைப் பார்த்து டி செல்லைப் பற்றி முடிவெடுக்கிறார்கள்.

மீட்சியே நோயைப் போலத் தோன்றும்போது

மஜ்ஜை மீளும்போது அதற்குள் நடப்பதைப் படிப்பது நோய்க்குறியியல் மருத்துவருக்கே சில நேரம் சோதனையாகிவிடுகிறது. அக்யூட் லிம்ஃபோபிளாஸ்டிக் லுகேமியா வந்து சிகிச்சை முடித்த ஒரு குழந்தையின் மஜ்ஜையை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் பூசிப் பார்த்தால், சிறிய உருண்டையான, அடர்ந்த உட்கருவும் மெல்லிய விளிம்பாகச் சைட்டோபிளாசமும் கொண்ட செல்கள் கணிசமாகத் தென்படலாம். லுகேமியா செல்களும் அப்படித்தான் இருக்கும். ஆனால் இவை ஹீமாட்டோகோன் எனப்படும் இளம் பி செல் முன்னோடிகள். அழிக்கப்பட்ட பி செல் வரிசையை மஜ்ஜை மும்முரமாக மறுபடி கட்டுவதன் அடையாளம். சிறுவர்களிடம், கீமோ நின்ற பிறகும் மாற்று சிகிச்சைக்குப் பிறகும், இவை வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தோன்றுகின்றன.

நுண்ணோக்கியை மட்டும் நம்பினால் நோய் திரும்பிவிட்டது என்று தவறாக முடிவு செய்யும் வாய்ப்பு உண்டு. இங்கே கைகொடுப்பது ஃப்ளோ சைட்டோமெட்ரி. செல்களின் மேற்பரப்பில் இருக்கும் சிடி10, சிடி19, சிடி34 போன்ற குறிப்பான்களை ஒளிரும் சாயங்களால் அடையாளமிட்டு, ஒவ்வொரு செல்லாக லேசர் ஒளியின் முன் ஓடவிட்டு அளக்கும் முறை அது. ஹீமாட்டோகோன்கள் ஒரு தொடர்ச்சியைக் காட்டும்: சில செல்கள் மிக இளையவை, சில இடைநிலையில் உள்ளவை, சில முதிரும் தறுவாயில் இருப்பவை, குறிப்பான்கள் படிப்படியாகக் குறைந்தும் கூடியும் ஒரு வளைந்த பாதையில் புள்ளிகளாகப் பரவிக் கிடக்கும். லுகேமியா செல்கள் ஒரே கட்டத்தில் உறைந்து நின்று ஓரிடத்தில் கொத்தாகத் திரளும். சில குறிப்பான்கள் இருக்க வேண்டிய அளவுக்கு மிகையாகவோ குறைவாகவோ இருக்கும். சிகிச்சைக்குப் பின் எஞ்சிய நோயைத் தேடும் எம்ஆர்டி பரிசோதனை 10,000 செல்களில் ஒன்று என்ற அளவில் லுகேமியா செல்லைக் கண்டுபிடிக்க முயல்வது. ஆகவே ஹீமாட்டோகோன்களைப் பிரித்தறியத் தெரியாத ஆய்வகத்தில் அந்தப் பரிசோதனைக்குப் பொருளே இல்லை.

இத்தகைய மயக்கம் வேறு இரண்டு இடங்களிலும் உண்டு. லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்த சிறுவர்களுக்குச் சுருங்கியிருந்த தைமஸ் மீண்டும் பருத்து, சிடி ஸ்கேனில் மார்புக்குள் புதிய கட்டியைப் போலத் தெரிவதுண்டு. ஜி-சிஎஸ்எஃப் ஊசி போட்ட சில நாட்களுக்குள் பெட் ஸ்கேன் எடுத்தால், வேலை மிகுந்த மஜ்ஜை சர்க்கரையை அதிகமாக இழுத்துக்கொள்வதால் முதுகெலும்பு முழுவதும் ஒளிர்ந்து பரவிய நோயைப் போலக் காட்டும். ஸ்கேன் எடுக்கும் இடத்தில் கடைசி ஊசி போட்ட தேதியைக் கேட்பதும், நோயாளி அதைச் சரியாகச் சொல்வதும் இதனால் முக்கியமாகின்றன.

பி செல்கள் திரும்பாமல் இருப்பதே நல்லது எனும்போது

புதிய சிகிச்சைகள் எதிர்ப்பணுக்களின் மீட்சியை வேறு விதமாக மாற்றிவிட்டன. லிம்ஃபோமாவில் பரவலாகத் தரப்படும் ரிட்டுக்சிமாப், சிடி20 என்ற குறிப்பான் உள்ள பி செல்களை அழிக்கிறது. ஸ்டெம் செல்லில் அந்தக் குறிப்பான் இல்லாததால் கவுண்ட் பெரும்பாலும் பாதிக்கப்படுவதில்லை. பி செல்கள் மட்டும் ஆறு முதல் பன்னிரண்டு மாதங்கள் மறைந்துவிடுகின்றன. ஆன்டிபாடிகளைச் சுரக்கும் நீண்டகாலப் பிளாஸ்மா செல்களிலும் சிடி20 இல்லாததால், முன்பே இருந்த ஆன்டிபாடிகள் ஓரளவு நிலைக்கின்றன. ஆனால் அந்தக் காலத்தில் போடும் புதிய தடுப்பூசிக்கு உடல் சரிவரப் பதில் தராது. கல்லீரலில் அடங்கியிருக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் இந்நிலையில் வீறுகொள்ளக்கூடும் என்பதால்தான் மருந்து தொடங்கும் முன்பே அதற்கான ரத்தப் பரிசோதனை கட்டாயமாகச் செய்யப்படுகிறது.

கார்-டி செல் சிகிச்சையில் இது இன்னும் தீவிரம். நோயாளியின் டி செல்களையே எடுத்து, சிடி19 உள்ள செல்களைத் தேடி அழிக்கும்படி மரபணு மாற்றம் செய்து திருப்பி ஏற்றும் சிகிச்சை அது. பம்பாய் ஐஐடியும் டாடா நினைவு மையமும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19 என்ற இந்தியத் தயாரிப்புக்கு 2023 அக்டோபரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி கிடைத்தது. மாற்றப்பட்ட டி செல்கள் உடலில் உயிரோடிருக்கும்வரை லுகேமியா செல்லும் நல்ல பி செல்லும் ஒருசேர அழிந்துகொண்டே இருக்கும். ஆகவே அக்யூட் லிம்ஃபோபிளாஸ்டிக் லுகேமியாவுக்கு இச்சிகிச்சை பெற்றவரிடம் பி செல்கள் முதல் ஆறு மாதங்களுக்குள் திரும்பிவிட்டால் மருத்துவர்கள் கவலைப்படுகிறார்கள். காவலுக்கு நின்ற கார்-டி செல்கள் மறைந்துவிட்டன, நோய் திரும்ப வழி திறந்திருக்கிறது என்பதே அதற்குப் பொருள். மஜ்ஜை இங்கே பி செல்களை உருவாக்கும் திறனை இழந்துவிடவில்லை. உருவானவை உருவான கையோடு அழிக்கப்படுகின்றன. அவை இல்லாத குறையை ஈடுகட்ட, ஐஜிஜி அளவு டெசிலிட்டருக்கு 400 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கும்போதோ தொற்றுகள் அடிக்கடி வரும்போதோ, கொடையாளர்களின் பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுத்த இம்யூனோகுளோபுலினைச் சிரை வழியாக மாதம் ஒருமுறை ஏற்றுகிறார்கள்.